தளிர் தேடிய மாணவன்

மாயூரத்தில் பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. ஒரு வீட்டுத் தோட்டத்தில் பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் மரம் மரமாகப் போய்க் கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். நேற்று மொட்டையாக நின்ற கொம்பில் இன்று தளிர் விட்டிருக்கிறதா என்று தேடுகிறான். ஒன்று கண்ணில் பட்டதும் இடத்தை மனத்தில் குறித்துக்கொள்கிறான். அப்புறம் இன்னொன்று. சற்று நேரத்தில் வீட்டுக்குரிய பெரியவர் தோட்டத்துக்கு வந்துவிடுவார். அதற்குள் தேடி முடித்தாக வேண்டும்.

பெரியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பையன் சாமிநாதன், பின்னாளில் தமிழுலகம் ‘தமிழ்த் தாத்தா’ என்று கொண்டாடிய உ. வே. சாமிநாதையர். ஆண்டு 1871.

குருபக்தி என்று பேச்செடுத்தாலே ஏகலைவனிடமும் உபமன்யுவிடமும் போய்விடுவது நம் வழக்கம். அவர்கள் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும், நம் பாட்டனார் காலத்தில் காவிரிக்கரை ஊர்களில் நடந்து திரிந்த ஒரு மாணவனின் மனம் எப்படிப் பக்குவப்பட்டது என்பதை அருகிலிருந்து பார்க்க வாய்ப்பிருக்கும்போது அதை விடலாகாது. அவரே தம் கையால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சாமிநாதனின் தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஊர் ஊராக இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காத்தவர். மகனுக்குத் தமிழில் பித்து என்று கண்டுகொண்ட பிறகு, எந்த ஊரில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டோ அந்த ஊருக்கே குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார். அரியலூர், குன்னம், செங்கணம் என்று சுற்றிக் கடைசியில் மாயூரம் வந்து சேர்ந்தார்கள். பிள்ளையவர்கள் பையனைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் நேரே பாடம் சொல்லவில்லை. மூத்த மாணவரான சவேரிநாத பிள்ளையிடம் நைடதம் பாடம் கேட்கும்படி விட்டுவிட்டார். அந்த மகானின் வாயால் ஒரு செய்யுளுக்காவது பொருள் கேட்க மாட்டோமா என்ற தவிப்பு பையனை அரித்தது.

பிள்ளையவர்களுக்கோ செடி கொடிகளில் அப்படி ஒரு பிரியம். வேறு இடத்தில் வளர்ந்த மரங்களை வேரோடு கொண்டுவரச் செய்து தோட்டத்தில் நட்டிருந்தார். வேர் பிடித்ததா, துளிர்த்ததா என்று பார்ப்பதே அவருடைய விடியற்கால வேலை. புதுத் தளிர் ஒன்றைக் கண்டால் முகம் மலரும். காணாவிட்டால் ஏக்கத்தோடு திரும்புவார். பையன் இதைக் கவனித்தான். அவருக்கு முன்னால் எழுந்து தளிர்களைக் கண்டுவைத்து, அவர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினான். அவர் அன்போடு பேச ஆரம்பித்தார். அந்தப் பேச்சினூடே ஒரு நாள், தங்களிடமே பாடம் கேட்க வேண்டும் என்ற விருப்பத்தையும் சொல்லிவிட்டான். ‘தளிரால் கிடைத்த தயை’ என்று ஐயர் பிற்காலத்தில் இந்த அத்தியாயத்துக்குத் தலைப்பிட்டார்.

இது காக்காய் பிடிக்கிற காரியம் அல்லவா என்று யாருக்காவது தோன்றலாம். எதற்காகத் தளிர் தேடினோம் என்பதை எண்பத்தைந்து வயதில் ஒளிவு மறைவில்லாமல் எழுதியவர் அவர். ஒன்றை யோசிக்க வேண்டும். காக்காய் பிடிக்கிறவன் எதிராளியின் பலவீனத்தைத் தேடுவான். இந்தப் பையன் தேடியது எதிராளியின் மகிழ்ச்சியை. ஒரு மனிதருக்கு எதில் மனம் குளிர்கிறது என்று விடியுமுன் எழுந்து தேடுகிற கண்தான் பிறகு சீவகனுடைய சோகத்தையும் கண்ணகியின் கோபத்தையும் கரையான் அரித்த ஓலையில் தேடிற்று. படிப்பு அவனுக்கு ஒரு மனிதரைப் படிப்பதில் தொடங்கியது.

அந்த மனிதர் எப்படிப்பட்டவர்? இருபதுக்கு மேற்பட்ட தல புராணங்கள் பாடியவர். ஏடும் எழுத்தாணியுமாக மாணவர் உட்கார்ந்துகொள்ள, வாயிலிருந்து செய்யுள் வந்துகொண்டே இருக்கும். கையில் மட்டும் காசு தங்காது. ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பலகையில் வந்து அமர்ந்தார். தேய்த்துவிடுகிறவன் உள்ளே போய்க் கேட்டான், வீட்டில் எண்ணெய் இல்லை. பலகையில் இருந்தவர் பாட்டில் ஆழ்ந்திருந்தார். எண்ணெய் வரவில்லை என்பதே அவர் கவனத்தில் இல்லை. சாமிநாதன் இதைக் கண்டான். கையில் இருந்த சில்லறையோடு கடைக்குப் போய் எண்ணெய் வாங்கி வந்து உள்ளே கொடுத்துவிட்டான். குளியல் நடந்தது, பாட்டும் நடந்தது. தமிழ்நாட்டிலேயே தலைசிறந்த கவிஞரின் வீட்டில் எண்ணெய்க்குப் பஞ்சம் என்ற வேதனை அந்தப் பிள்ளை மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மாணவன் இழந்ததும் உண்டு. தகப்பனாரின் விருப்பப்படி அவன் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தான். நந்தனார் சரித்திரம் பாடிய அதே பாரதியார்தான். சங்கீதம் பிறவியோடு வந்த ஆசை. ஆனால் இரண்டு பக்கமும் கவனம் போனால் தமிழ் குன்றும் என்று ஆசிரியர் கருதுவது தெரிந்ததும் பாரதியாரிடம் போவதை நிறுத்திக்கொண்டான். எளிதில் செய்யக்கூடிய தியாகமா அது?

பாரதியார் பெயர் வந்துவிட்டது. பிள்ளையவர்களைப் பற்றிய இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இது சாமிநாதன் வருவதற்கு முன் நடந்தது. நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பாரதியார் பலமுறை பிள்ளையவர்கள் வீட்டுக்கு நடந்தார். நூலில் இலக்கணப் பிழைகள் இருப்பதால் பிள்ளையவர்களுக்குப் பாயிரம் கொடுக்க மனமில்லை, ஏதோ சொல்லி அனுப்பிவிடுவார். ஒரு பகலில் பாரதியார் வந்தபோது பிள்ளையவர்கள் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து, தில்லைக்குப் போக ஏங்கும் நந்தனாரின் பாட்டைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். உள்ளே விழிப்புத் தட்டிற்று. கேட்கக் கேட்கப் பிள்ளையவர்களுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. எழுந்து வந்து பாரதியாரைப் போற்றிப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். இலக்கணம் அவருக்கு உயிர். அந்த உயிரையும் ஒரு பறைக் குடிமகனின் ஏக்கம் உருக்கிவிட்டது. தாம் அதுவரை காத்திருக்க வைத்தது தவறு என்று உணர்ந்து இறங்கி வந்த இடம் அது. புலமையின் உச்சியில் இருக்கிறவருக்கு இறங்குவதுதான் பெரிய ஏற்றம்.

சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலர் இஸ்லாமியர். இருவரும் பிள்ளையவர்களின் மாணவர்கள். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக இருந்த, திருநீறு மணக்கும் சைவர் அவர். தமிழ் கேட்டு வந்தவர்களுக்கு அந்த வீட்டில் வாசல் ஒன்றே. நெருங்கிய நண்பரோ மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, அவரும் கிறிஸ்தவர். அவர்மேல் குளத்தூர்க் கோவை என்று ஒரு பிரபந்தமே பாடிக் கொடுத்தார்.

இந்த வாசலின் அகலத்தை முழுதாகப் பார்க்க 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளுக்குப் போக வேண்டும். இடம் திருவாவடுதுறை. தை மாதத்து இரவு. பிள்ளையவர்களின் உடம்பு ஓய்ந்துவிட்டது. சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருக்கிறார். திருவாசகம் வாசிக்கும்படி பிள்ளையவர்கள் குறிப்புக் காட்டுகிறார். சாமிநாதையர் புத்தகத்தை எடுத்து அடைக்கலப் பத்தைப் படிக்கிறார். இறைவனே புகலிடம் என்று பத்துப் பாட்டிலும் மணிவாசகர் முறையிடும் பதிகம் அது. கேட்டபடியே அந்த உயிர் அடங்கியது. அவருக்கு அப்போது அறுபது வயது. மாணவருக்கு இருபத்தொன்றுகூட நிறையவில்லை.

அன்பர்கள் இந்தக் காட்சியைச் சற்றே நிதானமாக மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். சாகும் நேரத்தில் சைவப் புலவரின் தலை ஒரு கிறிஸ்தவ மாணவரின் நெஞ்சில். வாயால் திருவாசகம் சொல்கிறவர் ஒரு ஸ்மார்த்தப் பிராமணர். யாரும் திட்டம் போட்டு அமைத்த சமரசம் இல்லை இது. ஒரு மனிதரை இரண்டு பேர் உயிராக நேசித்தார்கள், அவ்வளவுதான். திருவாசகத்துக்கு உருகாத நெஞ்சு வேறெதற்கும் உருகாது என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த இரவில் அது உரை ஆசிரியர்களுக்கும் எட்டாத பொருளோடு படிக்கப்பட்டது. படித்தவரின் தொண்டை எப்படி ஒத்துழைத்ததோ, ஈசனுக்கே வெளிச்சம்.

அதன் பிறகு திருவாவடுதுறை மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் ஐயரைத் தம் பிள்ளை போல் வைத்துக் காத்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது அந்த வேலையை அவரே ஐயருக்கு வாங்கிக் கொடுத்தார். செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணவரே. பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஐயர் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வந்தது இந்த நன்றியால்.

அதே 1880, அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க ஐயர் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று ஐயர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்கிறார். தெரியாது. ஆதீனத்தின் நிழலில் வளர்ந்த புலமை ஒரு கேள்வியில் தடுக்கி நின்றது. அகங்காரம் உள்ளவன் அந்த இடத்தில் முறுக்கிக்கொண்டு எழுந்து வந்திருப்பான். இவரோ முதலியார் கொடுத்த பிரதியை வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்தார்.

புத்தகம் நகரவில்லை. தமிழ்தான், ஆனால் சமணர் சமயம் தெரியாமல் ஒரு பாட்டும் திறக்க மறுத்தது. ஒரு சைவ மடத்து மாணவருக்கு இது எவ்வளவு சங்கடமான இடம் என்பதை உணர, சேக்கிழார் கதை ஒன்றை நினைத்தால் போதும். சோழ அரசன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தான், அவனை மீட்கவே பெரியபுராணம் எழுந்தது என்பது சைவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. பெரியபுராணத்தை நெஞ்சில் வைத்திருந்த ஐயர், அந்தச் சிந்தாமணிக்குப் பொருள் தேடிக் கும்பகோணத்துச் சமணர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

அங்கே ஒரு நாள் வாசலில் மாக்கோலம், வீடெங்கும் விழாக்கோலம். என்ன விசேஷம் என்று விசாரித்தார். சிந்தாமணி பாராயணம் அன்று நிறைவு பெற்றது, அதற்கான கொண்டாட்டம் என்றார்கள். ஐயர் அப்படியே நின்றுவிட்டார். தமக்கு விளங்காத புதிராக இருந்த நூல், அடுத்த தெருவில் ஒரு குடும்பத்துக்குத் திருநாளாக இருந்திருக்கிறது. இலக்கியம் என்று நாம் அலமாரியில் வைத்திருப்பது இன்னொருவர் வீட்டில் மாவிளக்கும் மங்கலமுமாக இருக்கக்கூடும். இதை ஐயர் தம் கண்ணாலேயே கண்டார்.

நாள் தவறாமல் போனார், சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். வேற்றுச் சமயத்தார் இவ்வளவு பணிவோடு கேட்பதைக் கண்டு, இவர் ஒரு ‘பவ்ய ஜீவன்’ என்று அந்த வீட்டார் வாயிலிருந்து வந்தது. முத்தி பெறும் தகுதி வாய்ந்த ஆன்மா என்பது சமண நூல்களில் அச்சொல்லுக்குப் பொருள். சைவ சித்தாந்தத்தில் பக்குவம் என்று நாம் சொல்வதற்கு வெகு அருகில் நிற்கிற சொல். அவர் பெற்ற பட்டங்களோடு சேர்த்து எண்ண வேண்டிய பட்டம் இது. மனத்தில் கபடம் இருந்தால் இந்தச் சொல் ஒரு மாற்றுச் சமயத்தார் வீட்டிலிருந்து கிடைத்திருக்காது.

சீவக சிந்தாமணி 1887இல் அச்சாகி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. மணிமேகலைக்காக மறுபடியும் மாணவராக மாறிப் பௌத்தம் கற்றார். ஏடு தேடி அவர் அலைந்த ஊர்களின் கதை தனிச் சொற்பொழிவுக்கு உரியது. கேட்கிறவர்கள் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம். ஏட்டுக்காக எந்த வீட்டுத் திண்ணையில் ஏறினாலும், அந்த வீட்டுப் பெரியவரின் மனம் அறிந்து பேசும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. மாயூரத் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பழகிய வித்தை.

தம் ஆசிரியரின் சரித்திரத்தை அவர் 1933இலும் 1934இலும் இரண்டு பாகங்களாக எழுதி முடித்து வெளியிட்டார். தம் சொந்தக் கதையை 1940இல்தான் ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதத் தொடங்கினார். தளிர்களும், எண்ணெய் இல்லாத அந்தக் காலைப்பொழுதும், அடைக்கலப் பத்து படித்த இரவும் அதில் வந்துவிட்டன. 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார். குருவின் சரித்திரம் முழுமையாக இருக்கிறது. ‘என் சரித்திரம்’ 122ஆம் அத்தியாயத்தோடு நின்றுபோயிற்று.