சடம் பயன் ஊட்டுமா?

கொச்சியின் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு, கால்வாய்க்கு அப்பால் கிடங்குகளும் பாரந்தூக்கிகளுமாக நீண்டு கிடக்கும் வில்லிங்டன் தீவு, இயற்கை ஈன்ற தீவுகளில் ஒன்றெனவே தோன்றும். ஆயினும் வெண்டுருத்தி என்னும் பழைய சிறு திட்டைத் தவிர்த்தால், அதன் பெரும்பகுதி, 1920-ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்து சேர்ந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர், கப்பல்கள் உட்புகும் பொருட்டுக் காயலை வெட்டி ஆழப்படுத்தியபோது வெளிப்பட்ட சேற்றையும் மணலையும் கொட்டி எழுப்பிய நிலமேயாகும். 1928 மே 26 அன்று 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் பிரவேசித்தது. மண்ணை அள்ளியது, சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கிய தூர்வாரிக் கப்பல். எனினும் இத்துறைமுகத்தை உண்டாக்கியவர் யார் என்று வினவினால், கொச்சியில் எவரும் அந்த யந்திரத்தைச் சுட்டுவதில்லை, பிரிஸ்டோவையே சுட்டுவர். புகழ் யாரைச் சாரும் என்பதில் இத்தனை தெளிவோடிருக்கும் நாம், ஒரு விதவை ஓய்வூதியத்துக்குக் கொடுத்த மனு ஸ்தல ஸ்தாபனத்தின் அலுவலகத்தில் தள்ளுபடியாகும்போது மட்டும், "சிஸ்டம் எடுக்கவில்லை" என்று குமாஸ்தா கூறும் விடையைக் கேட்டு, அதற்குமேல் கேட்க யாருமில்லை என்று வாளாவிருந்து விடுகிறோம். ஆக்கத்துக்கு மனிதன் கர்த்தா, மறுப்புக்கு யந்திரம் கர்த்தா என்னும் இவ்விசித்திரமான ஏற்பாடு எங்ஙனம் நியாயமாகும் என்பதே நான் ஆராய விரும்பும் விஷயம்.

கேரளத்தில் இக்கேள்வி இனி ஏட்டுக் கேள்வியன்று. 2024 ஜனவரி 1 அன்று, கொச்சியிலேயே, முதலமைச்சர் பினராயி விஜயன் 'கே-ஸ்மார்ட்' என்ற மென்பொருள் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தார். இன்பர்மேஷன் கேரளா மிஷன் உருவாக்கிய அவ்வேற்பாடு முதலில் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும், 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளிலும் நடைமுறைக்கு வந்தது. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவும், சொத்து வரியும், கட்டட அனுமதியும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. வீடு கட்டுவோர் சமர்ப்பிக்கும் வரைபடத்தை, தெருவிலிருந்து எத்தனை மீட்டர் விடவேண்டும், எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்னும் விதிகளோடு மென்பொருளே ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறது. இதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஒரு சுவருக்கும் எல்லைக் கல்லுக்கும் இடையே உள்ள தூரம் அளவுக்குரிய பொருள். அதைக் காண்பதற்கு முகம் பாராத கருவியே உத்தமம். அலமாரியில் உறங்கிய கோப்பை எழுப்புவதற்குக் கையூட்டுக் கொடுத்து ஓய்ந்த எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு, அந்த முகம் பாராமையே ஒரு பெரிய அனுகூலம்.

ஆனால் சுவரை அளக்கும் கருவி சுவரோடு நிற்பதில்லை. மனிதரை அளக்கவும் அது அழைக்கப்படுகிறது. 1663 முதல் 1795 வரை கொச்சிக் கோட்டையை ஆண்ட டச்சுக்காரரின் தேசத்தில், ராட்டர்டாம் என்னும் பெருந்துறைமுக நகரத்தின் நகராட்சி, 2017 முதல் 2021 வரை, பொதுநல உதவி பெறுவோரில் எவர் மோசடி செய்யக்கூடியவர் என்று மதிப்பெண் இடும் பணியைக் கணிப்பு யந்திரம் ஒன்றிடம் ஒப்படைத்திருந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட கூறுகளை அது ஆராய்ந்தது. வயது, பால், டச்சு மொழியில் உள்ள தேர்ச்சி ஆகியவையும் அவற்றுள் அடங்கும். பாஷை சரளமாக வராதவர்மேல் சந்தேகத்தின் நிழல் கூடுதலாக விழுந்தது. நகரத்தின் தணிக்கை அமைப்பே குறைகூறிய பின்னர் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. நம் தேசத்திலும் இதற்கு உதாரணம் இல்லாமலில்லை. தெலங்கானாவில் 2014-க்கும் 2019-க்கும் இடையே 18 லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பாதுகாப்பு அட்டைகள் ரத்தாயின. பல்வேறு அரசுப் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் 'சமக்ர வேதிகா' என்னும் ஏற்பாடு அந்த நீக்கத்துக்குத் துணை நின்றது. ரிக்‌ஷா இழுத்து வாழ்ந்து மாண்ட ஒருவரை, பெயர் ஒற்றுமையால் கார் உடையவர் என்று அது கொண்டதும், அவருடைய மனைவிக்கு ரேஷன் அரிசி மறுக்கப்பட்டதும் பத்திரிகைகளில் வெளிவந்தன. 2022-இல் உச்ச நீதிமன்றம், நேரில் சென்று விசாரித்துப் பார்க்கும்படி கட்டளையிட வேண்டியதாயிற்று.

இத்தகைய பிசகு கொச்சியிலும் நேரக்கூடும். வில்லிங்டன் தீவின் வாத்துருத்தியில், தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் சுமை வேலைக்கும் வந்த குடும்பங்கள் நெடுங்காலமாக வாடகை அறைகளில் வசித்து வருகின்றன. கேரளத்தின் விண்ணப்பப் படிவங்களில் வீட்டுப்பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. மலையாளிக்கு அது பிறப்போடு வருவது. தமிழ்க் கூலியாளுக்கோ அப்படி ஒன்று இல்லை. கருப்பையா என்றொருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊர் ரேஷன் அட்டையில் அவர் 'மு. கருப்பையா', ஆதாரில் 'கருப்பையா எம்', வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயரும் சேர்ந்து 'கருப்பையா முத்து', வீட்டுப்பெயர்க் கட்டத்தில், யாரோ இரங்கி எழுதிக்கொடுத்த வாடகை அறையின் கதவிலக்கம். எதிரே அமர்ந்து ஐந்து நிமிஷம் பேசுகிற மனிதனுக்கு இந்த மூவரும் ஒருவரே என்பதில் ஐயம் எழாது. பதிவேட்டை மட்டுமே அறிந்த கணிப்புக்கோ, மூன்று பேர் ஒரே உதவியை வாங்க முயல்கிறார்கள் என்றும் தோன்றலாம். ஒருவருமே இல்லை என்றும் தோன்றலாம்.

இவ்விடத்தில்தான் நம் தத்துவ சாஸ்திரங்கள் பல நூற்றாண்டுகளாக நடத்திய ஒரு வாதம் எனக்கு நினைவுக்கு வருகிறது. செய்த வினையின் பயன் செய்தவனை எவ்வாறு வந்தடைகிறது? ஜைமினி முனிவரைப் பின்பற்றிய மீமாம்சகர், கருமமே அபூர்வம் என்னும் காணப்படாத சக்தியாக நிலைத்து நின்று, உரிய காலத்தில் தானே பயனைத் தரும், இடையே ஓர் ஈசுவரன் வேண்டுவதில்லை என்றனர். பாதராயணர் பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் ஜைமினியின் பெயரையே சொல்லி இதை மறுத்தார். தமிழ்நாட்டில் மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்தில் இப்பொருளை எடுத்துக்கொண்டார். அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதை விரித்துரைத்தார். சைவ சித்தாந்திகளின் வாதம் இது: வினை சடம், சடமாகிய ஒன்று, தன்னைச் செய்தவன் இன்னான் என்று அறியாது, அறியாத ஒன்று, கோடானுகோடி உயிர்களுள் உரியவனைத் தேர்ந்து சென்று, உரிய காலத்தில், உரிய அளவில் பயனை ஊட்டுதல் கூடாது, ஆதலின் வினையையும் உயிரையும் ஒருங்கே அறிந்த சேதனன் ஒருவனே அப்பயனைக் கூட்டுவித்தல் வேண்டும்.

ஸ்தல ஸ்தாபனத்தின் அலுவலரை இறைவனோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. உரியது உரியவனிடம் சேர்தல் என்ற காரியத்துக்கு எத்தகைய அறிவு வேண்டும் என்பதை, நாம் அறிந்த வரையில், இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் அவர்கள் என்பதாலேயே அவர்களிடம் செல்கிறேன்.

சித்தாந்திகளின் இவ்வாதத்துக்கு ஒரு பிரதிவாதம் உடனே எழும்: பழைய யந்திரம் சடமாக இருக்கலாம், இன்றைய செயற்கை நுண்ணறிவோ கற்கிறது, பேசுகிறது, நிச்சயிக்கிறது, அதைச் சடம் என்பது எங்ஙனம்? சாங்கியத்தையும் சைவ சித்தாந்தத்தையும் பயின்றவர்கள் இவ்வினாவால் திகைக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். மனம், புத்தி, அகங்காரம் முதலிய அந்தக்கரணங்கள் யாவும் சடமே என்பது அம்மதங்களின் அடிப்படைக் கொள்கை. இது கயிறு, இது பாம்பு என்று நிச்சயிக்கும் புத்தி தத்துவம்கூட மூலப்பிரகிருதியின் பரிணாமமே அன்றி அறிவுப்பொருளன்று. அது நிச்சயித்ததை அனுபவித்து அறிவது ஆன்மா. ஆகவே, நிச்சயிக்கும் தொழிலை உடலுக்கு வெளியே ஒரு கருவி செய்யுமாயின், அது எத்துணை அற்புதமாயினும், கருவியின் இனம் விரிந்ததே அல்லாமல் அறிவோன் ஒருவன் புதிதாகப் பிறந்துவிட்டான் என்று கொள்ள அவசியமில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று பகுத்தார்களே, அந்தத் திரிகை இன்று தானே சுழலவும் வனையவும் கற்றிருக்கிறது. குடம் ஓட்டையாயின் கேட்க வேண்டியது இன்றும் குயவனைத்தான்.

ஆயினும் மீமாம்சகர் பக்கத்தில் உள்ள பலத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பயனைத் தருபவன் ஒருவன் உண்டென்றால், ஒருவனை உயர்த்தி ஒருவனைத் தாழ்த்தும் அவனுக்குப் பட்சபாதமும் இரக்கமின்மையும் வந்து சேரும் என்பது பழைய ஆட்சேபம்; இதற்கு, ஈசுவரன் அவரவர் கருமத்தைச் சார்ந்தே பயனளிக்கிறான் என்று அதே பிரம்ம சூத்திரம் விடை கூறுகிறது. அதாவது, அறிவோனும் விதியை மீறுவதில்லை. விதியும் அறிவோனின்றி ஊட்டுவதில்லை. மனித அலுவலரிடம் பட்சபாதம் ஊகமன்று, பிரத்தியட்சம். சாதி பார்த்தும், கட்சி பார்த்தும், கைநீட்டியும் பிறர் உரிமையைத் தடுத்தவர்கள் நம் அலுவலகங்களில் இருந்திருக்கிறார்கள். அறியாத கருவியின் கையில் தேர்வை விடுவதே தர்மம் என்னும் சந்தர்ப்பங்களும் உண்டு என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

முதற் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும், உத்திரமேரூர்ச் சபையார் கோயிற் சுவரில் வெட்டுவித்த குடவோலை விதிகளை நோக்குக. குடும்பு எனப்பட்ட முப்பது வார்டுகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சபை முழுதும் காணும்படி முதியவர் ஒருவர் அக்குடத்தை உயர்த்திப் பிடிக்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகன் ஓலை ஒன்றை எடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று வாசிக்க, பின்பு அங்குள்ள பூசகர்களாகிய நம்பிமார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக அதை வாசிக்க வேண்டும். பாலகனுடைய அறியாமையே அங்கு நடுநிலைமைக்கு உத்தரவாதம். சொத்தும் வேதப்பயிற்சியும் உடைய சிலருக்கே அக்குடத்தில் இடமிருந்தது என்பதை மறக்கலாகாது. அந்தச் சபை நம் காலத்துக்கு ஆதர்சமன்று. எனினும் அவர்கள் கண்ட விவேகம் என் மனத்தைக் கவர்கிறது: குடத்தில் இடப்படும் முன்பே, கணக்குக் காட்டாதவன் எவன், குற்றம் செய்தவன் எவன் என்னும் விசாரணை, அறிந்த மனிதரால் முடிக்கப்பட்டுவிட்டது. சமமானவர்களுக்குள் ஒருவரைப் பொறுக்குவதை மட்டும் குடத்துக்கு விட்டார்கள். ஒருவன் தகுதியற்றவன் என்று தள்ளும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கவில்லை.

நான் வேண்டுவதும் ஏறக்குறைய இந்த எல்லைதான். ஒருவருக்கு உரியதைக் கொடுக்கலாம் என்று யந்திரம் கூறுமாயின் அது தாமதமின்றி நடைபெறட்டும். தவறு நேர்ந்தால் பொக்கிஷத்துக்குச் சிறிது நஷ்டம், அதைப் பின்னர்த் தணிக்கையில் காணலாம். கொடுக்கலாகாது என்று அது கூறுமாயின், அக்கூற்று ஒரு மனிதரின் கண்ணையும் காலையும் கடந்தே மனுதாரரை அடைய வேண்டும். இறைவன் தரும் துன்பத்தையும் மறக்கருணை என்று சித்தாந்திகள் போற்றியது, அவன் அவ்வுயிரை முற்ற அறிந்து அதன் நன்மைக்காகவே தருகிறான் என்ற நம்பிக்கையினால் அல்லவா? அறியாது விதிக்கப்படும் மறுப்பில் கருணைக்கு இடமில்லை என்பது ஒருபுறமிருக்க, அதைத் தண்டனை என்றும் சொல்ல இயலாது. மழையில் சுவர் இடிந்து ஒருவன்மேல் விழுவதற்கும் அதற்கும் வேற்றுமை என்ன?

தீவுக்கு எதிர்க்கரையில், எர்ணாகுளத்தில் வீற்றிருக்கும் கேரள உயர்நீதிமன்றம், 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வகுத்த கொள்கையில், தீர்ப்புக்கோ, நிவாரணத்துக்கோ, விஷயத்தின் முடிவுக்கோ செயற்கை நுண்ணறிவைக் கையாளலாகாது என்று விதித்திருக்கிறது. நீதிபதியின் மேசைக்குப் பொருந்தும் இந்த எல்லை, ஓய்வூதிய மனுவைத் தள்ளும் குமாஸ்தாவின் மேசைக்கு ஏன் பொருந்தலாகாது? ஏழைக்கு அந்த மேசையே நீதிமன்றம். மேலும், இதே கேரளம் பரம ஏழைகளைக் கண்டறிய முற்பட்டபோது, வார்டு தோறும் ஆட்கள் நடந்து சென்றே 64,006 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். அவர்களுள் பலருக்கு ரேஷன் அட்டையும் இல்லை, ஆதாரும் இல்லை. பதிவேட்டில் இல்லாதவரைப் பதிவேடு படிக்கும் கருவி எவ்வளவு கூர்மையாயினும் காணாது. கருவி காணாதவரைக் கால்கள் கண்டன.

எனக்குள்ள பெரிய அச்சம் யந்திரத்தைப் பற்றியதன்று. உயிரானது சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்புடையது என்று சித்தாந்தம் கூறுகிறது. இருளைச் சார்ந்தால் கண் இருளாகிறது, ஒளியைச் சார்ந்தால் ஒளியாகிறது. நாள்தோறும் திரையில் சிவப்பாகவும் பச்சையாகவும் தோன்றும் முடிவை மறுபேச்சின்றி ஒப்பமிட்டு அனுப்பும் அலுவலர், சில ஆண்டுகளில், தாமே விசாரித்து நிச்சயிக்கும் சக்தியை இழந்து, தாம் சார்ந்த சடத்தின் இயல்பை எய்திவிடுவார். யந்திரம் மனிதனாகுமா என்று உலகம் கவலையோடு தர்க்கித்துக்கொண்டிருக்கும் வேளையில், அதைவிட எளிதாக, அதைவிட மௌனமாக நடக்கக்கூடியது இது. கையூட்டு வாங்கும் அலுவலரையாவது குற்றவாளி என்று கூண்டில் ஏற்றலாம். இவரை எந்தக் குற்றத்துக்கு விசாரிப்பது?

ஆகவே மறுப்பாணை ஒவ்வொன்றிலும், நேரில் சென்று விசாரித்த அலுவலரின் பெயரும், சென்ற தேதியும், அவர் கண்ட காரணமும், மனுதாரர் படிக்கக்கூடிய பாஷையில் எழுதப்பட வேண்டும். 1994-ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம் பெரிய நகரங்களில் வார்டு கமிட்டிகளுக்கு இடமளித்திருக்கிறது. தள்ளப்பட்ட மனுக்களை, மனுதாரரின் சம்மதத்தோடு, அக்கமிட்டியின் முன் எடுத்து வைத்து, தள்ளிய அலுவலரே எழுந்து நின்று காரணம் சொல்லும் வழக்கத்தைக் கொச்சி மாநகராட்சி ஏற்படுத்தலாம். வாத்துருத்தியில் அக்காரணம் மலையாளத்தோடு தமிழிலும் சொல்லப்பட வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் கருப்பையா, தம் மூன்று பெயர்களும் ஒருவருடையவையே என்று அங்கேயே எழுந்து மறுத்துரைப்பதற்கும், அவ்வுரை அந்தக் கணமே ஏட்டில் பதியப்படுவதற்கும் அவகாசம் இருக்க வேண்டும்.