யாருக்குக் கடன்பட்டவள் செவிலி?

குவைத்துக்கோ ரியாத்துக்கோ துபாய்க்கோ ஒரு செவிலி கணவனையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பும்போது, கோட்டயத்திலும் நாகர்கோவிலிலும் உறவுக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். பெற்ற அப்பனுக்கு மூத்திரப் பை மாற்ற ஆளில்லை, யாரோ ஓர் அரபிக் கிழவருக்கு மாற்றப் போகிறாளா? பொறாமையில் கேட்பவர்களும் உண்டு, தள்ளாத வயதின் பயத்தில் கேட்பவர்களும் உண்டு. எதில் பிறந்தாலும் கேள்வி சிறியதாகிவிடாது. மனிதன் தன் உழைப்பையும் பொறுமையையும் முதலில் யாருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பது அறவியலின் மிகப் பழைய வழக்கு. உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட செவிலியர் பற்றிய அறிக்கை, உலகம் முழுவதும் ஏறத்தாழ 2.98 கோடிச் செவிலியர் இருப்பதாகவும், அவர்களில் ஏழில் ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் வேலை பார்ப்பதாகவும் சொல்கிறது. அமீரகத்திலும் கத்தாரிலும் உள்ளூரில் பிறந்த செவிலியைப் பார்ப்பதே அபூர்வம். ஒரு வீட்டுக் கூடத்தில் எழும் கேள்விதான், ஆனால் பதில் லட்சக்கணக்கான குடும்பங்களைத் தொடுகிறது. கடல் கடந்து போகும் செவிலி கடமை தவறியவள் அல்லள் என்பதே என் வாதம். கடன்பட்டவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். பழஞ்சீனத்தில் கன்ஃபூசியஸ் வழிவந்தவர்கள் அன்புக்குப் படிகள் உண்டு என்றார்கள்: முதலில் பெற்றோர், பிறகு உற்றார், அப்புறம் ஊர், அதற்கும் பின்னால் அந்நியர். மோசி என்ற சிந்தனையாளர் இதை மறுத்து, வேற்றுமை பாராத அக்கறை எல்லோர் மேலும் வேண்டும் என்றார். அப்படியானால் தகப்பன் என்று ஒருவன் இல்லாமலே போய்விடுவானே என்று கன்ஃபூசியஸ் வழிவந்த மென்சியஸ் அவரைச் சாடினார். மென்சியஸின் அச்சத்தை என்னால் எளிதாக ஒதுக்க முடியவில்லை. உலகம் முழுவதையும் ஒரே அளவில் நேசிக்கிறேன் என்பவர், பக்கத்து அறையில் இருமுபவருக்கு வெந்நீர் வைத்துத் தராமல் போவது நடக்கக்கூடியதே. பெற்றோர் நமக்குச் செய்ததை வேறு யாரும் செய்யவில்லை. அந்தக் கடன் தனிக் கடன். இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

ஆனால் அந்தப் படிவரிசையை நம் சமூகம் யாரிடம் காட்டிக் கணக்குக் கேட்டது, யாரிடம் கேட்காமல் விட்டது என்று பார்க்க வேண்டும். தலைவன் வீட்டைப் பிரிந்து போவதற்குத் தொல்காப்பியம் காரணங்களை வகுத்திருக்கிறது. கல்விக்காகப் போகலாம், போருக்குப் போகலாம், தூது போகலாம், பொருள் தேடிப் போகலாம். கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்றும் அது சொல்கிறது. 1970-களில் எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் கட்டுமானம் பெருகியபோது ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பெற்றோரை யார் பார்ப்பது என்று அவர்களை எவரும் நிறுத்திக் கேட்கவில்லை. மனைவி வீட்டில் இருந்தாள். கேள்விக்கு அவசியமே எழவில்லை. பாலை கடந்து பொருள் தேடியவனை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாட்டில் வைத்துப் போற்றிய மரபு, அதே காரணத்துக்காகப் பெண் கிளம்பும்போது மட்டும் மென்சியஸாகிவிடுகிறது. இங்கே பிள்ளையின் கடமை பேசப்படுவதுபோலத் தோன்றினாலும், அடியில் கிடப்பது பெண்ணின் கை வீட்டுக்குச் சொந்தம் என்ற எண்ணம்தான். அதை எடுத்துவிட்டால், தகப்பனைக் காக்கும் கடன் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல விழுகிறது. அவரவர் கையால் செய்தும் அதைத் தீர்க்கலாம், பணம் அனுப்பி ஆள் வைத்துச் செய்வித்தும் தீர்க்கலாம். செய்விப்பது செய்வதற்கு ஈடாகாது என்று சொல்லலாம். ஓரளவு அது உண்மையும்கூட. மகளின் கை படும்போது வரும் நிம்மதியை மாதச் சம்பளத்துக்கு வரும் ஆள் தர முடியாது. ஆனால் தகப்பனுக்கு மூச்சு முட்டும்போது அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒவ்வொரு பிள்ளையும், பயிற்சி பெற்ற அந்நியரின் கை அந்த நேரத்தில் தன் கையைவிட மேல் என்று முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த அந்நியரும் யாரோ ஒருவரின் மகள்தான்.

பராமரிப்பின் கடன் ரத்தத்தில் மட்டும் பிறப்பதில்லை, கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் உடலின் தேவையிலும் பிறக்கிறது. பாலை நிலத்தில் தோன்றிய மதங்கள் இதைத் தெளிவாகவே கண்டிருக்கின்றன. லூக்கா சுவிசேஷத்தில் யார் என் அயலான் என்ற கேள்விக்கு இயேசு சொல்லும் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்துக்கு எண்ணெய் வார்த்துக் கட்டுபவன் அவன் இனத்தான் அல்லன், அந்த இனம் வெறுத்து ஒதுக்கிய சமாரியன். விடுதிக்காரனிடம் அவன் காசு கொடுத்துவிட்டுப் போவதையும் கவனிக்க வேண்டும்: மீதிப் பராமரிப்பைக் கூலி கொடுத்துச் செய்விக்கிறான், கதை அதைக் குறையாகச் சொல்லவில்லை. இஸ்லாமிய மரபில் ருஃபைதா அல்-அஸ்லமிய்யா என்ற பெண் மதீனாப் பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் அடித்துக் காயம்பட்டோரைக் கவனித்தார். அகழ்ப்போரில் காயமடைந்த நபித்தோழர் சஅத் இப்னு முஆத் அங்கேதான் கொண்டுபோகப்பட்டார். அவருடைய உறவினர் யாரும் இல்லாததால் அல்ல. காயத்தைப் பார்க்கத் தெரிந்த கை அங்கே இருந்ததால். தீவிர சிகிச்சைப் பிரிவில் அசைய முடியாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் படுக்கைப்புண் வரும். அந்தப் புண்ணுக்குக் குலமோ நாடோ தெரியாது. அதைத் தடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்கிறார் என்பதே அவர் மேல் கடனை ஏற்றிவிடுகிறது.

அன்பு வேறு, வேலை வேறு. மாதச் சம்பளத்துக்குச் செய்வதை அறம் என்று எப்படிச் சொல்வது என்று அடுத்த ஆட்சேபம் வரும். இது நம் நாட்டில் செவிலியரை மிக அதிகமாகக் காயப்படுத்திய வாதம். சேவைக்குக் கூலி கேட்கலாமா என்று சொல்லிச் சொல்லியே அவர்களுடைய கூலி குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுக்கப்பட்ட செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் திரண்டு போராட வேண்டியிருந்தது. கேரளத்தில் தனியார் ஆஸ்பத்திரிச் செவிலியர் ஆண்டுக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த பிறகே, 2017-இல் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்ற பேச்சுக்கு நிர்வாகங்கள் வந்தன. இதற்கும் முந்தைய அவமதிப்பு ஒன்று உண்டு. தீட்டு என்ற நம்பிக்கை அடுத்தவரின் சீழையும் மலத்தையும் தொடுவதை இழிவாக்கியதால், மேல்சாதி வீடுகள் பெண்களைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பத் தயங்கின. வேலூர் போன்ற மிஷன் ஆஸ்பத்திரிகளில் கிறிஸ்தவப் பெண்களே அந்தப் பணியைத் தோளில் சுமந்தார்கள். இரவுப் பணிக்குப் போகும் பெண், ஆண் உடலைத் தொடும் பெண் என்று கல்யாணப் பேச்சில் தள்ளிவைக்கப்பட்டவள், வெளிநாட்டு விசா வந்ததும் தேடப்படும் மணமகளானாள். அவளுடைய தொழிலை இழிவென்றும் சேவையென்றும் மாறி மாறிச் சொல்லி இரண்டு வழியிலும் கூலியைப் பிடுங்கிக்கொண்ட சமூகம், அவள் கூலி தேடிப் போகும்போது அறம் பேசுவதற்கு உரிமை இழந்துவிட்டது. கூலி அன்பைக் கெடுக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. வலிக்காமல் ஊசி போடுவதும், கூச்சம் குலையாமல் உடல் துடைப்பதும் சம்பளச் சீட்டில் இல்லாத கவனத்திலிருந்து வருகின்றன. அந்தக் கவனம் நாளுக்கு நாள் வற்றாமல் இருக்க வேண்டுமானால், அதைத் தருபவள் வீட்டில் கடன்காரன் வந்து நிற்கக்கூடாது.

எனக்கு மிகக் கடினமாகப் படும் ஆட்சேபம் வேறு. செவிலியர் போதாமல் திணறும் நாடு தன் பணத்தில் பயிற்றுவித்தவர்களைச் செல்வ நகரங்கள் அள்ளிக்கொண்டு போகலாமா? நம் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பிரசவ வலியோடு வந்து காத்திருப்பவளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள்தானே? என் வாதத்தையே என் மேல் திருப்பும் கேள்வி இது, நியாயமான கேள்வி. இதற்கு நான் காணும் பதில் பாதிதான். தேவை மட்டும் கடனை முழுமையாக்கிவிடாது. தேவையைச் சந்திக்க ஒருவரை அமர்த்தி, அவர் வாழ வழி செய்யும் ஏற்பாடும் சேர்ந்தால்தான் கடன் ஒருவர் தலையில் நியாயமாக விழும். காலியிடத்தை நிரப்பாமல், நிரப்பினாலும் ஒப்பந்தக் கூலியில் நிறுத்திவைக்கும் அரசு, போகிறவளைப் பார்த்து ‘நாட்டுக்குத் துரோகம்’ என்று சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் ஏற்ற பன்னாட்டு ஆளெடுப்பு நெறிமுறையும் பொறுப்பை நாடுகள் மேல்தான் வைக்கிறது: ஆட்கள் கடுமையாகப் பற்றாக்குறையாக உள்ள நாடுகளிலிருந்து தீவிரமாக இழுக்காதீர்கள், உங்கள் தேவைக்கு நீங்களே பயிற்சி கொடுங்கள் என்கிறது. தனி மனுஷியின் புறப்பாட்டை அது தடை செய்யவில்லை. இருந்தும், காத்திருக்கும் அந்தப் பிரசவக்காரிக்கு இந்தப் பதில் ஆறுதல் தராது. அந்த இழப்பு உண்மையானது, அதை மறைக்கக்கூடாது.

இனிப் போய்ச் சேரும் நகரத்தின் பக்கம். அந்த நிலத்துக்கென்றே ஒரு கதை உண்டு, யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மதங்கள் மூன்றும் அதை வைத்திருக்கின்றன. பைபிள் ஆகார் என்றும் முஸ்லிம்கள் ஹாஜர் என்றும் சொல்லும் எகிப்தியப் பெண், வேறொரு வீட்டின் பணிப்பெண், கைக்குழந்தையோடு வறண்ட வெளியில் விடப்படுகிறாள். இஸ்லாமிய மரபில் அவள் தண்ணீர் தேடி ஸஃபா, மர்வா என்ற குன்றுகளுக்கு இடையே ஏழுமுறை ஓடுகிறாள். இன்று ஹஜ்ஜுக்குப் போகும் மன்னரும் கூலியும் அதே ஓட்டத்தை ஓடியாக வேண்டும். அந்நிய நாட்டுத் தாய் ஒருத்தியின் பதற்றம் அங்கே வழிபாடாகியிருக்கிறது. ஸம்ஸம் ஊற்றெடுத்த பிறகு அவ்வழி வந்த ஜுர்ஹும் குலத்தார், இங்கே தங்கலாமா என்று அவளிடம் அனுமதி கேட்கிறார்கள் என்பது ஹதீஸ் சொல்லும் செய்தி. தங்கலாம், ஆனால் நீரின் மேல் உங்களுக்கு உரிமை இல்லை என்கிறாள். அப்படிக் கூடிய குடியிருப்புதான் மக்கா. அந்த மரபின் தாய்நகரமே வந்தேறியான ஒரு பெண்ணின் தாகத்தைச் சுற்றித்தான் எழுந்தது என்றால், இன்றைய பாலை நகரங்கள் தம்மிடம் வரும் பெண்ணை எப்படி வைத்திருக்கின்றன என்று கேட்க அந்த மரபே இடம் தருகிறது. டேட்டாஃப்ளோவில் சான்றிதழ் சரிபார்த்து, புரோமெட்ரிக் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி அவள் போகிறாள். அங்கே அவள் இருப்பு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் இகாமா எனும் தங்கும் அனுமதியும் போகும், அதில் தொங்கிக்கொண்டிருக்கும் கணவனின் விசாவும் பிள்ளைகளின் பள்ளியும் சேர்ந்து போகும். அமீரகத்தில் துணையையும் பிள்ளைகளையும் அழைத்துவரப் பொதுவாக மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். பெற்றோரை வைத்துக்கொள்ளக் கேட்கும் சம்பளம் அதைவிட மிக உயர்ந்தது, சாதாரணச் செவிலிக்கு எட்டாதது. ஆக, தகப்பனா அந்நியரா என்று உறவினர்கள் அவளிடம் நீட்டிய தேர்வு அறத்தின் இயல்பில் இருந்ததல்ல. விசா விதி வகுத்தவர்கள் உண்டாக்கியது. தகப்பனைக் கூட வைத்துக்கொண்டு அந்நியரையும் பார்க்க அவளால் முடியும், விடுவதில்லை.

எல்லாம் தெரிந்துதானே கையெழுத்துப் போட்டாள், ஒப்பந்தத்தில் நிரந்தரக் குடியுரிமை என்று எங்கே இருந்தது என்று கேட்பார்கள். சிறிய நாடுகள், குடிமக்கள் பத்தில் ஒருவராகச் சுருங்கிப்போன நாடுகள், எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தால் தம் மொழியும் வழக்கமும் கரைந்துவிடும் என்று அஞ்சுவதும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அவள் சம்மதித்தது பணி நேரத்துக்கும் சம்பளத்துக்கும். பிள்ளை அந்த நகரத்தில் மழலை பேசி வளர்ந்து, அதைத் தவிர வேறு ஊரை அறியாதவனாகி, ஒரு நாள் தான் வளர்ந்த இடத்தில் தங்கத் தனி அனுமதி தேட வேண்டியவனாவதற்கு யாரும் அவனிடம் கையெழுத்து வாங்கவில்லை. அவளுடைய சாமியின் நிலையும் ஊருக்கு ஊர் மாறுகிறது. 2019 பிப்ரவரியில் அபுதாபியில் போப் பிரான்சிஸ் திறந்த மைதானத்தில் திருப்பலி நிறைவேற்றினார்; 2024-இல் அங்கே பெரிய இந்துக் கோயில் திறக்கப்பட்டது. சவூதியில் வேலை பார்ப்பவள் ஜெபத்தை அறைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டுத் துடைக்கும் கை வேண்டும், அந்தக் கை கூப்பும் இடம் மட்டும் கண்ணில் படக்கூடாது என்பது விருந்தோம்பலுக்குப் பேர்போன மரபுக்குப் பொருந்தாத ஏற்பாடு. குடியுரிமைக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருக்கிறது. 2025 மே மாதம், துபாய் ஹெல்த்தில் 15 ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்த செவிலியருக்கு கோல்டன் விசா தரப்படும் என்று அறிவித்தார்கள். பத்தாண்டு தங்க விடும், ஒரே முதலாளியின் பிடியில் வைக்காது. நல்ல தொடக்கம் என்றே அதைச் சொல்வேன். ஆனால் 15 ஆண்டு என்பது அவளுடைய தகப்பனின் முதுமை முழுவதும். இருப்பவளுக்கு இரண்டாம் ஆண்டிலேயே வேண்டியது, வேலை போனால் அடுத்த வேலை தேட ஒரு கண்ணியமான கால அவகாசம். பிள்ளை படிப்பை முடிக்கும்வரை பயமில்லாமல் அங்கே இருக்கும் உரிமை. ஊரில் தனியாகக் கிடக்கும் தகப்பனைக் கூட்டிவந்து தன் வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டில் போட்டுக் கொடுக்க, சம்பளத்தை அளக்காத ஓர் அனுமதி.