கொடாததைக் கொள்ளுதல்



புத்த பூர்ணிமை கழிந்த அடுத்த ஞாயிறன்று, பெங்களூரில் நமது வந்தனைக் கூட்டம் முடிந்து யாவரும் கலைந்த பின்னர், ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் என்னைத் தனியே அணுகி ஒரு வினா விடுத்தார். அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவர்தம் தந்தையார் சுரங்கத்தில் உழைத்து, நெஞ்சில் கல்தூசு படிந்து இறந்தவர். ஓய்வின்போது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியை, தங்கம் தேடும் சிறு கம்பெனி ஒன்றின் பங்குகளில் இவர் இட்டிருந்தார். ஐந்தாண்டுகளில் பங்கின் விலை மூன்றில் ஒன்றாயிற்று. ஒரு குன்றிமணித் தங்கமும் விற்பனைக்கு வரவில்லை. நிர்வாகிகளின் சம்பளமோ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்தது. "ஐயா, கோபம் ஆகாது என்று போதிக்கிறீர்கள். அவர்கள் என் பணத்தைத் திருடினார்கள் என்று நான் எண்ணுவது தவறா, நியாயமா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. "பற்றை விடுங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டேன். வயிற்றுவலிக்காரனுக்கு வானத்தைக் காட்டியது போன்ற விடை அது. இப்போது முறையாக ஆராய்வோம்.

நாம் நாள்தோறும் ஏற்கும் பஞ்சசீலத்தில் இரண்டாவது யாது? அதனைத் "திருடாமை" என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். ஆயின் அதன் பொருள் அதனினும் அகன்றது. கொடுக்கப்படாததை எடுத்தலினின்றும் விலகுதல் என்பதே அது. பூட்டை உடைத்தல் மாத்திரம் அன்று, கொடுப்பவன் மனமறிந்து கொடாத எதனைக் கொள்ளுதலும் இதனுள் அடங்கும். நம் அன்பரின் வழக்கிலோ நிர்வாகிகள் பூட்டை உடைக்கவில்லை. பொதுக்கூட்டம் கூடிற்று, தீர்மானம் நிறைவேறிற்று, சம்பளம் தரப்பட்டது. "எங்களுக்குக் கொடுக்கப்பட்டதையே கொண்டோம்" என்று அவர்கள் சொல்வர். உண்மையிலேயே கொடுக்கப்பட்டதா என்பதே கேள்வி.

இதற்கு முதலில் சிறு சுரங்கக் கம்பெனியின் நடையை அறிதல் வேண்டும். நெசவாலைக்குத் துணி விற்ற பணம் வரும். அதிலிருந்து கூலியும் சம்பளமும் போகும். தங்கம் தேடும் கம்பெனிக்கோ விற்பதற்குப் பொருள் இல்லை. பாறையைத் துளையிட்டுப் பார்ப்பதற்கும், பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதற்கும் புதிய பங்குகளை வெளியிட்டே பணம் திரட்ட வேண்டும். ஒவ்வொரு முறை புதுப்பங்கு வெளிவரும்போதும் பழைய பங்குதாரரின் உரிமை, தண்ணீர் கூட்டிய பாலைப்போல் நீர்த்துப்போகிறது. ஆகவே இங்கே விற்கப்படும் சரக்கு தங்கம் அன்று. தங்கம் கிட்டும் என்னும் நம்பிக்கை. நம்பிக்கை உள்ளவரை சம்பளமும் உண்டு. இதனால் நம்பிக்கையை ஊதிப் பெருக்கும் ஆசை நிர்வாகிக்கு இயல்பாகவே எழுகிறது.

இது புதிய நோயன்று. 1879 முதல் 1881 வரை, நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர், தேவாலாப் பகுதிகளில் தங்கம் உண்டென்னும் பேச்சு லண்டன் வரை பரவிற்று. அரசாங்கம் வரவழைத்த நிபுணர் பிரஃப் ஸ்மைத் 1880இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நாற்பது லட்சம் பவுனுக்கு மேற்பட்ட மூலதனத்தைப் பெயரளவிற் காட்டிக் கிளம்பின. அதில் பெரும்பகுதி நிலத்தை விற்றவர்கள் கைக்குப் போயிற்று. பாறையைச் சோதிக்கும் முன்னரே பங்களாக்கள் எழுந்தன, இயந்திரங்கள் மலையேறின. கல்லை அரைத்துப் பார்த்தபோது செலவுக்குக் கட்டும் அளவு பொன் இல்லை. ஓரிரு ஆண்டுகளில் யாவும் சரிந்தன. பங்கு வாங்கியவர்கள் கையில் காகிதமே மிஞ்சிற்று.

அதே காலத்தில் கோலாரில் நிகழ்ந்ததையும் பார்ப்போம். பெங்களூரில் வாழ்ந்த லாவெல் என்னும் ஓய்வுபெற்ற சிப்பாய்க்கு 1875இல் மைசூர் அரசு உரிமம் வழங்கிற்று. அவ்வுரிமை கைமாறிற்று, 1880இல் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தோன்றிற்று. முதல் ஆண்டுகளில் இட்ட பணம் பெரும்பாலும் கரைந்தது. மூடிவிடலாம் என்று பங்குதாரர் பேசினர். நிர்வாகத்தை ஏற்ற ஜான் டெய்லர் நிறுவனத்தார் மிச்சப் பணத்தைக் கொண்டு தொடர இணங்கச் செய்தனர். 1880களின் நடுவில் காப்டன் பிளம்மர் காலத்தில் சாம்பியன் என்னும் பெரும் பொன்ரேகை அகப்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்படும் வரை, நூற்றிருபது ஆண்டுகளில் அவ்வயல் 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கத்தைத் தந்தது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பொன் கிடைக்காமை நிர்வாகியின் குற்றம் ஆகாது. பூமியின் வயிற்றில் இருப்பதை ஒருவரும் கண்டு சொல்ல இயலாது. பாறைக்கு அவன் பொறுப்பாளி அல்லன். தன் சொல்லுக்கே பொறுப்பாளி. அறிந்ததை அறிந்தபடியும், அறியாததை அறியாததாகவும் சொன்னானா? பிறர் பணத்தைத் தன் பணம்போல் எண்ணிச் செலவிட்டானா? 1997இல் கானடா நாட்டு பிரி-எக்ஸ் என்னும் சிறு கம்பெனியின் பொய் வெளிப்பட்டது. போர்னியோத் தீவில் பூசாங் என்னுமிடத்தில் தோண்டிய பாறைத்தூளில் யாரோ பொற்பொடியைக் கலந்து உலகையே நம்பவைத்திருந்தனர். வேறொருவர் துளையிட்டுச் சோதித்தபோது அங்கே பொன் இல்லை. நிர்வாகத்தில் இருந்த சிலர் அதற்கு முன்னரே தம் பங்குகளை விற்றுப் பெரும் பணம் ஈட்டியிருந்தனர். அங்கே ஏமாற்றியது பாறையா, சொல்லா?

இனி, பகவன் வகுத்த முறையைக் காண்போம். சிங்காலன் என்னும் இல்லறத்தானுக்கு அவர் உபதேசித்தபோது, எசமானனுக்கு ஐந்து கடமையும் ஊழியனுக்கு ஐந்து கடமையும் வகுத்தார். ஊழியன் கடமைகளுள் ஒன்று கொடுத்ததை மட்டும் கொள்ளுதல். மற்றொன்று வேலையைச் செவ்வனே செய்தல். பெரிய நாற்காலியில் அமர்ந்தாலும் நிர்வாகி ஊழியனே. சங்கத்தின் பண்டகசாலையைக் காக்கும் பிக்குவுக்கும் விநயத்தில் இலக்கணம் உண்டு. ஆசை, வெறுப்பு, மயக்கம், அச்சம் என்னும் நான்கினாலும் வழிதவறாதவனாய், காக்கப்பட்டது எது, காக்கப்படாதது எது என்று அறிந்தவனாய் இருத்தல் வேண்டும். காவியுடுத்தவருக்கே இக்காவல் தேவைப்பட்டதெனின், கோட்டு அணிந்தவருக்குச் சொல்ல வேண்டுமோ?

கொடுத்தல் என்பதற்கு இரண்டு அங்கம் உண்டு. கொடுப்பவன் அறிந்து கொடுக்க வேண்டும். மறுக்கும் வலிமையோடு கொடுக்க வேண்டும். மறைத்துப் பெற்ற சம்மதம் சம்மதம் ஆகாது. முன்னாளில் மானேஜிங் ஏஜெண்டு முறை இருந்தது. ஆலைகளில் இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும், உற்பத்தியின்மேலோ விற்பனையின்மேலோ கமிஷன் பெற்ற ஏஜெண்டுகள் பலர். அம்முறை 1970இல் சட்டத்தால் ஒழிந்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பொதுக் கம்பெனியின் நிர்வாகிகள் அனைவருக்குமாக நிகர இலாபத்தில் நூற்றுக்கு 11 என எல்லை வகுத்தது. இலாபமில்லாவிடில் அட்டவணைப்படி ஓர் அளவு. அதற்கு மேற்பட வேண்டுமாயின் பங்குதாரரின் சிறப்புத் தீர்மானம் தேவை. சந்தையில் விற்கப்படும் பங்குகளையுடைய கம்பெனி, ஊழியர் யாவரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறுவதைப்போல் டைரக்டர் ஒவ்வொருவரும் எத்தனை மடங்கு பெறுகிறார் என்பதையும் அறிக்கையில் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2011 முதல் ஒரு விதி உண்டு. சம்பள அறிக்கைக்கு எதிராக நூற்றுக்கு 25 வாக்குகள் தொடர்ந்து ஈராண்டு விழுந்தால், டைரக்டர்கள் மீண்டும் தேர்தலுக்கு நிற்க வேண்டுமா என்றே வாக்கெடுக்க வேண்டும்.

இவையெல்லாம் நல்ல கதவுகள். ஆயின் கதவைத் திறப்பார் யார்? நம் அன்பரை நான் மீண்டும் சந்தித்தபோது, "ஆண்டறிக்கையைப் படித்தீரா? வாக்களித்தீரா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா. விலையை மட்டும் நாள்தோறும் பார்த்தேன்" என்றார்.

அவரைக் குறைகூற எனக்குத் தகுதி உண்டோ எனின், சிறிதே உண்டு. ஏனெனில் நாற்காலியின் மறுபக்கத்திலும் நான் அமர்ந்திருக்கிறேன். ஆலையில் வேலை செய்த நாளில், தொழிலாளர் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். கூட்டம் ஒன்றுக்கு இவ்வளவு படி என்று பொதுப்பேரவை கைதூக்கி அனுமதித்திருந்தது. ஆலை தள்ளாடத் தொடங்கிய ஆண்டில், கடன்கள் திரும்பி வரவில்லை. நாங்களும் சில மாதம் கூடவில்லை. கூடியதாகப் புத்தகத்தில் கையொப்பமிட்டுப் படியைப் பெற்றோம். வைண்டிங் பிரிவில் நூல் சுற்றிய மூத்த அம்மையார் ஒருவர், வாயிற்கதவருகே என்னை நிறுத்தி, "தம்பி, போன மாசம் கூட்டம் நடந்ததா?" என்று கேட்டார். நான் சினந்து, "உங்களுக்கு ஏன் அந்தக் கணக்கு?" என்றேன். அச்சினமே என் குற்றத்திற்குச் சாட்சி. கொடுத்ததைக் கொண்டவன் கணக்குக் கேட்டால் சினப்பதில்லை. பின்னாளில் சீலம் ஏற்றபோது அத்தொகையைச் சங்கத்தில் திருப்பிச் செலுத்தினேன். அந்த அம்மையாரோ ஆலை மூடியபின் ஊர் சென்றுவிட்டார். அவருக்கு நான் தர வேண்டிய விடை இன்றும் நிலுவையில் நிற்கிறது.

ஆகவே கொண்டவனின் குற்றத்தை நான் மறைக்கமாட்டேன். கொடுத்தவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் மறைக்கமாட்டேன். சிங்காலனுக்குப் பகவன் பொருளை நான்காகப் பகுக்கச் சொன்னார். ஒன்று நுகர்வுக்கு, இரண்டு தொழிலுக்கு, நான்காவது பகுதி ஆபத்துக் காலத்திற்குச் சேமிப்பு. ஓய்வூதியத் தொகை அந்த நான்காம் பகுதி அன்றோ? அதனை எடுத்துப் பத்து மடங்காகும் என்று எவரோ சொன்ன சொல்லின்மேல் வைத்தது தண்ஹா என்னும் வேட்கை. நிர்வாகி ஊதிய நெருப்புக்கு இவ்வேட்கையே விறகாயிற்று. விறகு இட்டவன் நெருப்பை மட்டும் வைதல் நியாயம் ஆகுமா?

இன்னும் ஒருவர் உண்டு. பங்குதாரரும் நிர்வாகியும் பங்கு பிரிப்பதில் வழக்காடுகையில், இருவர் கண்ணுக்கும் தெரியாமல் பூமிக்கடியில் நிற்பவர் அவர். கோலாரின் பொன்னை மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்திலிருந்து எடுத்தவர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் முன்னோர். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் தொடங்கிய சாக்கைய பௌத்தம் வேரூன்றியது அவர்தம் லைன் வீடுகளில்தான். லண்டனில் கூடிய பங்குதாரர் கூட்டங்களில் அவர்க்கு வாக்கில்லை. சிலிகோசிஸ் நோய் அவர்தம் இலாபப் பங்காயிற்று. எசமானனுக்குப் பகவன் விதித்த கடமைகளோ வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு முதலியன. நம் அன்பரிடம் நான் கேட்டேன்: "உமது கம்பெனியில் துளைப்பொறி இயக்குபவன் என்ன கூலி பெறுகிறான்? அவன் மூக்கை மூட ஏதேனும் கொடுத்தார்களா?" அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "என் தகப்பனார் மகனாயிருந்தும் அதை நான் கேட்கவில்லையே" என்றார்.

இவ்வழக்கிற்கு ஒரு பழைய சரித்திரம் ஒளி தரும். கோசாம்பியில் உதயண மன்னனின் தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகள் அளித்தனர். மன்னன் முகம் சுளித்து, "இத்தனை ஆடையை வைத்துத் துணிக்கடை போடுவீரோ?" என்னும் கருத்துப்படக் கேட்டான். ஆனந்தர் சினக்கவில்லை. கிழிந்த ஆடையுடைய பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார். பழைய ஆடை என்னாகும் என்றான். விரிப்பாகும், பழைய விரிப்பு மெத்தையுறையாகும், பின் தரைவிரிப்பாகும், பின் மிதியடியாகும், பின் தூசு துடைக்கும் துணியாகும், இறுதியில் மண்ணோடு குழைத்துப் பூசப்படும் என்று படிப்படியாகக் கணக்குரைத்தார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடை அளித்தான். கேட்டவனும் தாழவில்லை, சொன்னவரும் தாழவில்லை. கந்தைக்கும் கணக்கு இருந்தது.

ஆதலின் என் அன்பருக்கு நான் தரும் விடை இது. மறைத்தும் மிகைத்தும் பெற்ற சம்பளம், தீர்மானம் நிறைவேறினும், இரண்டாம் சீலத்தின்முன் கொடாததைக் கொண்டதேயாம். அவ்வாறு பெற்றார்களா என்பதை உமது சினம் அறியாது, கணக்கே அறியும். எனவே சினத்தை விடுக, கேள்வியை விடற்க. அடுத்த பொதுக்கூட்டத்திற்குச் செல்க. அறிக்கையைப் படித்து வாக்கிடுக. நிர்வாகியின் சம்பளத்தைக் கேட்கும் அதே மூச்சில் துளைப்பொறிக்காரனின் கூலியையும் கேட்க. உமது விலைக்காக மட்டும் கேட்பீராயின் அது வேட்கையின் குரல். மூவருக்காகவும் கேட்பீராயின் அது தம்மத்தின் குரல்.

அன்பர் இப்போது ஆண்டறிக்கையைக் கையிற்கொண்டு ஞாயிறுதோறும் வருகிறார். கண்ணாடி அணிந்து நாங்கள் இருவரும் வரி வரியாய்ப் படிக்கிறோம். போன பணம் மீளுமென்று நான் அவருக்கு உறுதி சொல்லவில்லை. உறக்கம் மீண்டதென்று அவரே சொன்னார்.

எல்லா உயிரும் துன்பம் நீங்கி வாழ்க!