வடித்த நீரும் வழங்கும் கையும்



பொழுது புலர்ந்ததும் நம் இல்லங்களில் நிகழும் முதற்பணிகளுள் ஒன்று நீர் வடித்தல். கிணற்றில் முகந்த நீரை இருமடியாக மடித்த வெண்துணியில் வடித்து, துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் மாளாவண்ணம் அதனை அலசி, அவ்வுயிர்களை அவை வாழ்ந்த கிணற்றிலேயே மெல்லச் சேர்ப்பது நம் முன்னோர் வழக்கம். குழாய்நீர் வந்துவிட்ட இந்நாளிலும் குழாயின் வாயில் துணி கட்டிய இல்லங்களைக் காண்கிறோம். கண்ணுக்குப் புலனாகாத உயிர்க்கும் அதன் உறைவிடத்தைத் திருப்பித் தரும் இவ்வொழுக்கத்தைக் கண்டு பிற சமயத்தார் வியப்பதுண்டு. நாம் பெருமிதம் கொள்வதும் உண்டு. அப்பெருமிதத்தின் நடுவே ஒரு வினாவை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். இத்துணை அருளோடு வடித்த நீரை, வாயிலில் தாகத்தோடு நிற்கும் மனிதருக்கு நாம் எவ்வாறு வழங்குகிறோம்?

எம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று நெஞ்சைவிட்டு அகலாது நிற்கிறது. அறுவடை நாட்களில் நெற்கட்டுச் சுமந்து வந்த பெண்கள் எம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று தண்ணீர் கேட்பர். அவர்கள் குனிந்து இரு கைகளையும் குவித்து வாயருகே ஏந்துவர். சொம்பை உயரத் தூக்கி அக்கைகளில் நீர் ஊற்றப்படும். சொம்பு அவர்கள் மேல் படாது; பாதி நீர் முழங்கை வழியே வழிந்து மண்ணில் விழும். அந்நீரும் முறையாக வடித்த நீரே. ஊற்றிய கை எம் இல்லத்தாருடையது. சில வேளைகளில் எம்முடைய சிறுகை. சொம்பை எவ்வளவு உயரத்தில் பிடிக்கவேண்டும் என்று எவரும் எமக்குக் கற்பிக்கவில்லை. பெரியோரைப் பார்த்தே பழகிக்கொண்டோம். எவரையும் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. செய்த குற்றத்தைத் தம் வாயால் ஒப்புக்கொள்ளும் ஆலோசனையைப் பிராயச்சித்தத்தின் முதற்படியாக நம் திருவறம் வைத்துள்ளது. அதன் பொருட்டே எழுதுகிறோம்.

நீரை முன்னிட்டு மனிதரை விலக்கிய வழக்கம் நம் நாடெங்கும் இருந்தது. மராட்டிய மண்ணில் மஹாட் என்னும் ஊரின் சவ்தார் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிடுவதாக நகராட்சி 1924-இல் தீர்மானம் செய்தது. எனினும் தாழ்த்தப்பட்டோர் அதன் படிகளில் இறங்க இயலவில்லை, ஆடுமாடுகளுக்கோ தடையில்லை. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் பெருந்திரளான மக்களுடன் சென்று அக்குளத்து நீரைக் கையால் முகந்து பருகினார். அதன்பின் குளம் தீட்டுப்பட்டதெனக் கூறிச் சடங்கு செய்தோரும் இருந்தனர். 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் மக்களின் உரிமையை உறுதிசெய்தது. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதனைக் குற்றமாக்கித் தனிச்சட்டமும் வந்தது. ஆயினும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை அதன் பின்னரும் தமிழகத்து ஊர்கள் பலவற்றில் நீடித்தது. சட்டம் குளத்தின் கதவைத் திறக்கும். சொம்பைப் பிடித்த கையின் உயரத்தை, அக்கைக்கு உரியவரே தாழ்த்துதல் வேண்டும்.

இது குறித்து நம் ஆசாரியர்கள் வகுத்தது யாது? சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்திற்கு உரைகற்கள். நற்காட்சியைக் கெடுக்கும் செருக்குகள் எட்டு எனக் கூறி, அவற்றுள் குலச்செருக்கையும் சாதிச்செருக்கையும் சுவாமிகள் சேர்த்தனர். அங்ஙனமாயின், பிறப்பைக் கருதி ஒருவரை விலக்குவோர் தம் நற்காட்சிக்கே ஊறு தேடுகின்றனர். மேலும், தன்னைப் புகழ்தலும் பிறரை இகழ்தலும் நீச கோத்திர வினை வந்து சேர்வதற்குக் காரணங்கள் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் துணிபு. எவரைத் தாழ்ந்தோர் என இகழ்கிறோமோ, அவ்விகழ்ச்சியே நமக்குத் தாழ்வைத் தேடித் தருகிறது.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உவர்ப்பின்மையும் ஒன்று. வடமொழியில் இது நிர்விசிகிச்சை எனப்படும். இதற்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் உத்தாயன மன்னர். நோயால் உடல் அழுகிய முனிவர் ஒருவர் அரண்மனை வாயிலுக்கு வந்தபோது மன்னரும் தேவியும் எதிர்கொண்டு உணவளித்தனர். உண்ட முனிவர் அவர்கள்மேலேயே உமிழ்ந்தார். மன்னர் அருவருக்கவில்லை, தாம் அளித்த உணவே அவர்தம் துன்பத்திற்குக் காரணமாயிற்றோ என வருந்தித் தம் கையால் கழுவித் துடைத்தனர். வந்தவர் அவரைச் சோதிக்க வேடம் பூண்ட தேவர் என்பது பின்னரே தெரிந்தது. மன்னர் செய்தது பெரும்போர் அன்று. நீர் கொண்டு ஓர் உடலைத் துடைத்த சிறுசெயல்.

அதனினும் வியப்பு ஒன்றுண்டு. நம் முதல் விரதமாகிய அஹிம்சைக்கு அந்நூல் காட்டும் சான்றோர் யார்? அரசரல்லர், வணிகரல்லர், புலைக்குலத்துப் பிறந்த யமபாலர். கொலைத்தண்டனை நிறைவேற்றுதல் அவர் தொழில். சதுர்த்தசி நாளில் எவ்வுயிரையும் கொல்வதில்லை என்று ஒரு முனிவரிடம் அவர் விரதம் ஏற்றிருந்தார். அந்நாளில் அரசன் கொல்லப் பணித்தபோது மறுத்தார். அதனால் முதலைகள் நிறைந்த நீர்நிலையில் எறியப்பட்டார். தேவர்கள் அவரைக் காத்துச் சிறப்புச் செய்தனர். அஹிம்சை என்றதும் நம் ஆசாரியர் சுட்டிய அப்பெரியார் எம் கொல்லைப்புறத்தில் தாகத்தோடு வந்து நின்றிருந்தால், யாம் சொம்பை எவ்வளவு உயரத்தில் பிடித்திருப்போம்? இவ்வெண்ணம் எம்மைப் பல இரவுகள் வருத்தியதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, சித்திரை வெயிலில் மேல்சித்தாமூர் ஆலயத்தைத் தரிசித்துவிட்டுத் திண்டிவனம் செல்லும் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட்ட நெரிசலில் மயக்கம் வந்தது. அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து எமக்கு முழு இருக்கையையும் தந்தார். தம் பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்தவர் சற்றுத் தயங்கினார். எம் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்துவிட்டு, "நயினார் வீட்டுக்காரங்க வடிகட்டித்தானேங்க ஐயா குடிப்பீங்க?" என்று கேட்டார். விடைக்குக் காத்திராமல், தோளில் கிடந்த துவைத்த துண்டின் நுனியை மடித்துப் புட்டியின் வாயில் இட்டு, ஒரு டம்ளரில் நீரை வடித்தார். பின் அதனை எம் கையில் தராமல் இருக்கையின்மேல் வைத்தார்; கை பட்டால் யாம் பருகமாட்டோம் என எண்ணினார் போலும். இளமையில் எங்கோ ஒரு கொல்லைப்புறத்தில் கற்ற பாடம் அது. யாம் டம்ளரை எடுத்து அவர் கையில் திரும்பக் கொடுத்து, "உங்க கையாலேயே குடுங்கம்மா" என்றோம். அவர் எம் முகத்தைச் சிறிதுநேரம் நோக்கினார், பின் தந்தார். நம் விரதத்தை அவர் காத்தார். அவர்தம் மாண்பை நாம் இத்தனை காலம் காத்தோமா?

'ஒரு குவளை நீரால் சமூகம் மாறிவிடுமா?' எனச் சிலர் வினவுவர். நிலமும் கல்வியும் நீதியும் பெறவேண்டியவர்க்கு ஒரு குவளை நீர் ஈடாகாது. அதனைத் தந்துவிட்டுக் கடமை முடிந்ததென ஓய்வோமானால் அதுவும் ஒருவகைச் செருக்கே. ஆனால், பிரிவினை நாள்தோறும் எதனால் உயிர்வாழ்கிறது என எண்ணிப் பாருங்கள். உயர்த்திப் பிடித்த சொம்பு, தனியே வைத்த குவளை, முதியவரைச் சிறுவர் ஒருமையில் அழைக்கும் சொல் ஆகிய சிறுசெயல்களே அதற்கு உணவு. சிறுசெயல்களால் வளர்ந்தது, சிறுசெயல்களை மாற்றாமல் தேயாது. 2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மண்டபங்களும் திறக்கப்பட்டன. முன்பின் அறியாதோர் உணவு சமைத்துக் கழுத்தளவு நீரில் கொண்டுசென்றனர். வாங்கியவர் சமைத்தவரின் குலத்தை வினவவில்லை. வெள்ளத்தில் கேளாத கேள்வியை வெயிலில் மட்டும் ஏன் கேட்கவேண்டும்?

ஆதலின், சிராவக சிராவகியர் மூன்று செயல்களை மேற்கொள்ள வேண்டுகிறோம். வரும் கோடையில் வாயிலில் ஒரு பானையில் வடித்த நீர் வைப்போம். நாம் பருகும் குவளையையே அதனருகில் வைத்து, வருவோர்க்குக் கையோடு கையாக வழங்குவோம். நம் வீட்டிலும் வயலிலும் தெருவிலும் உழைப்போரை, வயதறிந்து மரியாதைச் சொல்லால் அழைக்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம். தசலக்ஷண பருவத்தின் நிறைவில் உறவினரிடம் மன்னிப்பு வேண்டுகிறோம் அல்லவா? அந்நாளில், நம்மால் தலைகுனிய நேர்ந்தவர் வாசலுக்கும் சென்று மன்னிப்பு வேண்டுவோம். அவர் மன்னிப்பதும் மன்னியாததும் அவர் உரிமை. வேண்டுதல் நம் கடமை.

பகவானின் சமவசரணத்தில் தேவரும் மனிதரும் விலங்கும் ஒருங்கே அமர்ந்து அறம் கேட்டனர் என்று போற்றுகிறோம். அச்சபையில் இடம்பெற விரும்புவோர் ஒரு பேருந்தின் இருக்கையிலேனும் அதற்குப் பழகிக்கொள்ளல் வேண்டும். நீரை வடித்த துணி நுண்ணுயிரைக் காத்தது போல, நெஞ்சை வடிக்கும் அருள் மனிதரைக் காப்பதாக!

வாழ்க திருவறம்! ஓங்குக அஹிம்சை!