ஹிஸ்பானிக் என்னும் பெயரும் அது சுட்டும் மக்களும்

ஒரு மக்கள் கூட்டத்துக்கு வழங்கும் பெயர் அம்மக்கள் அனைவரிடமும் பொதுவாக உள்ள ஒரு பண்பைச் சுட்டுகிறதா, அன்றி அவர்களைப் பிணைத்த வரலாற்றை மட்டுமே சுட்டுகிறதா என்னும் தத்துவ வினாவை ஹிஸ்பானிக் என்ற சொல் மிகக் கூர்மையாக எழுப்புகிறது.

இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பம் முழுவதையும் ரோமானியர் ஹிஸ்பானியா என்று அழைத்தனர். ஹிஸ்பானிக்குஸ் என்ற லத்தீன் பெயரடையும் எஸ்பான்யா என்று ஸ்பானியர் தம் நாட்டுக்கு வழங்கும் பெயரும் அதிலிருந்தே பிறந்தன. அப்பெயருக்கு ஃபினீசிய மொழியில் மூலம் கண்டு, முயல் போன்ற சிறு விலங்குகள் மிகுந்த நிலம் எனப் பொருள் கூறுவோர் உண்டு; அது ஊகமேயன்றி நிறுவப்பட்ட முடிபன்று. ஐபீரியர், செல்டிபேரியர், லூசித்தானியர் எனப் பல பெயர்களோடு வாழ்ந்த குடிகள்மீது வெளியிலிருந்து வந்த ஆட்சியாளர் ஒற்றைப் பெயரைப் போர்த்தினர் என்பதே இங்குக் கருதத்தக்கது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் நிகழ்ந்ததும் அதற்கு ஒப்பானது. ஸ்பானிய வழியினரைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டுமாறு 1976இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1977இல் வெளியான கூட்டாட்சி அரசின் நெறிமுறை ஹிஸ்பானிக் என்பதை ஒரு வகைப்பாடாக வரையறுத்தது. 1980ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது எல்லாக் குடும்பங்களிடமும் கேட்கப்படும் வினாவாயிற்று.

ஆயினும் இப்பெயருக்குரியோர் அனைவரிடமும் உள்ள பொதுப் பண்பு எது என்று தேடினால் எதுவும் தேறுவதில்லை. மொழி எனில், வீட்டில் மாயா மொழி பேசும் குவாதமாலா மக்களும், ஆங்கிலம் மட்டுமே அறிந்த மெக்சிக வழிவந்த பேரப்பிள்ளைகளும் இதில் அடங்குகின்றனர். நிறமோ குருதியோ எனில், எந்த இனத்தவரும் ஹிஸ்பானிக் ஆகலாம் என்று அந்த நெறிமுறையே கூறிவிட்டது. கத்தோலிக்க சமயம் எனில், சீர்திருத்தத் திருச்சபைகளைச் சேர்ந்தோரும் சமயம் சாராதோரும் அவர்களுள் மிகப் பலர்.

கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த தத்துவ அறிஞர் ஹோர்ஹே கிரேசியா, 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பொதுப் பண்பு என ஒன்று வேண்டுவதே இல்லை என வாதிட்டார். ஒரு குடும்பத்தாரிடையே மூக்கு ஒருவரை ஒத்தும் குரல் மற்றொருவரை ஒத்தும் இருக்க, எல்லாரிடமும் பொதுவாக எதுவும் இல்லாதபோதும் அவர்கள் ஒரு குடும்பமாகவே இருப்பதைத் தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன் எடுத்துக்காட்டியிருந்தார். அக்கருத்தைத் தழுவிய கிரேசியா, ஐபீரியாவும் அமெரிக்கக் கண்டமும் 1492இல் சந்தித்தபின் உருவான உறவுப் பின்னலே ஹிஸ்பானிக் மக்களை ஒன்றாக்குகிறது என்றார். சிந்திக்கத்தக்க ஓர் எல்லைநிலை இங்கே உண்டு: அதே 1492இல், கொலம்பஸின் கப்பல்கள் புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், யூதர்கள் ஸ்பெயினைவிட்டு வெளியேறுவதற்கான கெடு முடிந்தது. லடீனோ எனப்படும் பழைய ஸ்பானிய வழக்கை நூற்றாண்டுகளாகக் காத்துவந்த அவர்களின் வழித்தோன்றல்களுக்கு, 2015இல் ஸ்பெயின் தன் குடியுரிமையைப் பெறும் வழியைச் சட்டத்தால் திறந்தது. அவர்கள் கிரேசியா கூறும் பின்னலுக்குள் அடங்குவரா என்பது எளிதில் முடிவாவதன்று.

ஒரு பெயர் எதைச் சுட்டுகிறது என்பதற்குக் கிரேசியா தரும் விளக்கம் வலுவானதே. எனினும் ஒருவரை அப்பெயரால் அழைப்பது முறையா என்ற அறவியல் வினாவுக்கு அது விடையாகாது. ஏனெனில் அவர் கூறும் உறவுப் பின்னலில் திருமணமும் வணிகமும் மட்டுமன்றி, படையெடுப்பும் கட்டாய மதமாற்றமும் அடிமை வாணிகமும் இழையோடுகின்றன. மாயாக் குடியைச் சேர்ந்த ஒருவர், தம் முன்னோரை வென்றவர்களின் நாட்டுப் பெயரால் தாம் அறியப்படுவதை மறுத்தால், வரலாற்று உறவைக் காட்டி அவரை இணங்கச் செய்வது நியாயமன்று. லத்தீன் அமெரிக்க வழியினரைக் குறிக்கும் லத்தினோ என்ற சொல் 1997இல் ஹிஸ்பானிக் என்பதோடு நெறிமுறையில் சேர்க்கப்பட்ட பின்னரும், தம் நாட்டின் பெயராலேயே மெக்சிகர், கியூபர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் பலர். கணக்கெடுப்புப் படிவத்திலும் ஒருவர் ஹிஸ்பானிக்கா என்பதை அவர் தம்மைப் பற்றித் தாமே தரும் விடையைக் கொண்டே பதிவு செய்கின்றனர்.