இல்லாத எண்ணுக்கு வந்த சிப்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதிகாரிகள் பெயருக்கு ஒரு கம்பெனியை உருவாக்கி, ராணுவத் தளவாடங்களில் பயன்படும் மின்னணு உதிரிபாகங்களுக்கு இணையத்தில் விலை கேட்டிருந்தார்கள். குறைந்த விலை சொன்னவர்களிடம் 16 பாகங்கள் வாங்கினார்கள். பதினாறில் ஒன்றுகூட நம்பத்தக்கதாக இல்லை. அவற்றில் நான்குக்கு அவர்கள் கொடுத்த எண்ணே கற்பனை. உலகில் எவரும் தயாரிக்காத அந்தச் சிப்புகளுக்கும் விலை சொல்லப்பட்டது, பொருளும் வந்து சேர்ந்தது.

படித்த நாளிலிருந்து அந்த நான்கு சிப்புகள்தான் என் மனதில் நிற்கின்றன. கேட்டது எதுவானாலும் "இருக்கிறது" என்று சொல்கிற ஒரு சந்தையிடம் போர்விமானத்தை ஒப்படைத்திருக்கிறார்கள்.

அந்தச் சந்தைக்குப் போகவேண்டிய தேவை பொய்யல்ல. பி-52 குண்டுவீச்சு விமானம் 1955 முதல் பணியில் இருக்கிறது. ஒரு சிப்பின் ஆயுள் அப்படியல்ல. சில ஆண்டுகளில் புது மாடல் வந்துவிடும், பழையதன் தயாரிப்பு நின்றுவிடும். விமானத்தின் மின்சுற்றுப் பலகையில் அந்தப் பழைய சிப் பழுதானால் எங்காவது தேடித்தான் ஆகவேண்டும். டெண்டர் போடுகிறார்கள். பாகத்தின் எண், எத்தனை வேண்டும், எப்போது வேண்டும், என்ன விலை. டெண்டரில் விலை சொல்பவரிடம் அன்று சரக்கே இல்லாமல் இருக்கலாம். ஆர்டர் கிடைத்த பிறகு அவர் இன்னொரு தரகரைத் தேடுவார், அவர் இன்னொருவரை.

அந்தச் சங்கிலியின் மறுமுனையில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் குய்யூ என்ற ஊர் இருந்தது. உலகம் தூக்கி எறிந்த கணினிகள் அங்கே குவிந்தன. பலகைகளைக் கரி அடுப்பில் வாட்டி, ஈயம் இளகியதும் சிப்புகளைப் பிடுங்கி எடுப்பார்கள். ஆற்றில் அலசி, தெருவோரம் காயவைப்பார்கள். பிறகு மேற்பரப்பைத் தேய்த்துப் பழைய எழுத்தை அழித்து, கறுப்புப் பூச்சு பூசி, புது எண்ணும் புதுத் தேதியும் அச்சிட்டால் அது புதுச் சிப். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் அழுத்தித் தேய்த்தால், பூச்சு மட்டமாக இருந்தால், பஞ்சு கறுக்கும்.

அரிசிக்கும் சிமென்ட்டுக்கும் குறைந்த விலைக்குத் தருபவரைத் தேர்ந்தெடுப்பது நியாயமே. வந்த சரக்கை அள்ளிப் பார்க்கலாம். சிப்பை அப்படிப் பார்க்க முடியாது. அது எங்கே பிறந்தது, யார் யார் கை பட்டு வந்தது என்பதுதான் அதன் தரம். அதைக் கேட்காமல் விலையை மட்டும் கேட்டது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

செனட் சபையின் ராணுவக் குழு 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளை மட்டும் ஆராய்ந்தது. போலியெனச் சந்தேகிக்கப்பட்ட சம்பவங்கள் ஏறத்தாழ 1,800; பாகங்கள் பத்து லட்சத்துக்கும் மேல். கடற்படையின் எஸ்ஹெச்-60பி ஹெலிகாப்டரில் இரவில் வழிகாட்டும் அகச்சிவப்புக் கருவிக்குள்ளும் அத்தகைய டிரான்சிஸ்டர்கள் போயிருந்தன. ஷென்செனில் புறப்பட்டுப் பல நிறுவனங்களின் கைமாறி வந்தவை அவை. அந்தக் கருவி செயலிழந்தால், இருட்டில் கடலின் மேல் பறக்கும் விமானிக்கு இலக்கு தெரியாது.

2011 இறுதியில் சட்டம் வந்தது. அசல் தயாரிப்பாளரிடமோ அவர் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ வாங்கவேண்டும். போலியை மாற்றும் செலவு ஒப்பந்தக்காரரின் தலையில். ஆனால் தயாரிப்பு நின்றுபோன பாகத்துக்கு இன்றும் பல நேரங்களில் தரகரிடம்தான் போகவேண்டியிருக்கிறது. அப்போது விமானிக்கும் போலிச் சிப்புக்கும் நடுவே நிற்பவர், சோதனை மேசையில் பஞ்சும் நுண்ணோக்கியுமாக உட்கார்ந்திருப்பவர் மட்டுமே.