பாதி இரவல், முழுதும் சொந்தம்

கடலாடிப் பக்கம் நெடிது நிற்கும் பனையின் ஓலைதான் ஜாவா எனும் சாவகத்திலும் ஏடானது. அங்கே அதற்கு ‘லொந்தார்’ என்று பெயர். ‘ரொன்’ சாவக மொழியில் இலை. ‘தால்’ பனையைக் குறிக்கும் வடசொல். இரண்டும் சேர்ந்த ‘ரொந்தால்’ திரிந்து லொந்தார் ஆயிற்று. கடல் கடந்த வடமொழி அங்கே தனித்து நிற்கவில்லை, மண்ணின் மொழியோடு ஒட்டிக்கொண்டது என்பதற்கு இந்த ஒரு சொல்லே சான்று. சுமத்திராவில் கிடைத்த கி.பி. 683ஆம் ஆண்டின் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டிலும் இதே நிலைதான்: ‘சித்தயாத்திரை’ வடசொல்; அதை ஏற்கும் வினை மலாய்; எழுத்தோ பல்லவ எழுத்தின் வழிவந்தது.

வடசொல் மிகுந்ததால் அம்மொழிகள் தம் முகத்தை இழந்தன என்பார் உண்டு. அப்படியானால், சாவகக் கவிஞர் வடமொழி யாப்பை எடுத்துக்கொண்டு இராமன் கதையைத் தம் மொழியிலேயே பாடியிருக்க மாட்டார்கள். வடமொழி கடல் கடந்ததில் தென்னாட்டுக்குப் பங்கில்லை என்பாருக்கு அந்தக் கல்வெட்டின் எழுத்து வடிவமே மறுமொழி. கடன் வாங்குவதால் மொழி அழிவதில்லை; வாங்கிய சொல்லைத் தன் இலக்கணத்துக்குள் உட்காரவைக்கத் தெரிந்த மொழி நின்று வாழும்.